உப்பு போகும் இடம்: நொய்யல் வழியே சுற்றுச்சூழல் நிலைத்தன்மையின் பொருள்

பனியனின் கழுத்துச் சீட்டில் தொடங்கி அரசின் கொள்கை விளக்கக் குறிப்பு வரை, 'சுற்றுச்சூழல் நிலைத்தன்மை' என்ற தொடர் இன்று அச்சாகாத இடம் குறைவு. மரக்கன்று நடுவதும், நெகிழிப் பையைத் தவிர்ப்பதும், கூரைமேல் சூரிய மின்தகடு பொருத்துவதும் அதன் பெயரிலேயே நடைபெறுவதால், அது ஒரு நல்ல மனப்பான்மையைக் குறிக்கும் சொல் என்றே பலரும் எடுத்துக்கொள்கின்றனர். மனப்பான்மையை அளக்க முடியாது. ஆகவே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளும் எவரையும் கேள்வி கேட்கவும் முடியாமல் போகிறது. உண்மையில் அந்தத் தொடருக்குள் அளந்து பார்க்கத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. இயற்கையிலிருந்து ஒரு பொருள் எடுக்கப்படும் வேகம், அது மீண்டும் உருவாகும் வேகம், எஞ்சும் கழிவு சேரும் வேகம், அக்கழிவை மண்ணும் நீரும் காற்றும் ஏற்றுச் செரிக்கும் வேகம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் கணக்கு அது. அதை எப்படிப் போடுவது, போடும்போது எதை விட்டுவிடுகிறோம் என்பதற்குத் திருப்பூரையும் நொய்யல் ஆற்றையும் விடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழகத்தில் இல்லை என்பது என் கருத்து.

இந்தக் கணக்கு முதலில் போடப்பட்டது காட்டை வைத்துத்தான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளியை உருக்கும் உலைகளுக்கும் சுரங்கத்தைத் தாங்கும் தூண்களுக்குமாக மரங்கள் வெட்டப்பட்டுக் காடு அற்றுப்போவதைக் கண்டு, வெட்டுவதும் வளர்வதும் ஈடாக இருக்க வேண்டும் என்று 1713இல் வெளிவந்த தம் வனவியல் நூலில் வற்புறுத்தினார். காட்டின் மீது அவருக்கு இருந்த பற்றைவிட, மரம் தீர்ந்தால் வெள்ளியும் நின்றுவிடும் என்ற கவலையே அதற்குக் காரணமாக இருந்திருக்கும். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பின், நார்வேயின் பிரதமர் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையில் அமைந்த ஐ.நா. ஆணையம் 1987இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனுக்கு ஊறு நேராதபடி இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே வளங்குன்றா வளர்ச்சி என்று அது வரையறுத்தது. எந்த நாட்டு அரசும் மறுக்க முடியாத வாசகம் அது. எது தேவை, எவ்வளவு வரை தேவை என்பதை அது சொல்லாமல் விட்டதே அத்தனை பேரும் கையெழுத்திட வசதியாக இருந்தது என்றும் சொல்லலாம்.

அந்த வாசகத்தை நடைமுறைக் கணக்காக மாற்றியவர்களுள் முக்கியமானவர், அப்போது உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் ஹெர்மன் டேலி. 1990இல் அவர் முன்வைத்த விதிகள் எளிமையானவை. நிலத்தடி நீர், மீன், மரம் போல் மீண்டும் உண்டாகும் வளங்களை அவை உண்டாகும் வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. நிலக்கரி, எண்ணெய் போல் மீளாத வளங்களை, அவற்றுக்கு மாற்றான மீளும் வளம் உருவாக்கப்படும் வேகத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கழிவை, சூழல் அதைச் செரிக்கும் வேகத்துக்கு மேல் வெளியேற்றக் கூடாது. முதல் விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதி சான்று. பல நூற்றாண்டுகள் உலகுக்கு மீன் தந்த அக்கடலில் காட் மீன் அருகிப்போனதால் 1992இல் அதைப் பிடிக்கவே தடை விதிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் விதி அதைவிடச் சிக்கலானது, ஏனெனில் செரிக்கும் திறன் என்பது இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம், பொருளுக்குப் பொருள் மாறுவது. நொய்யலின் கதை இந்த மூன்றாம் விதியின் கதைதான்.

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் ஓடும் இந்த ஆற்றில், பருவமழைக் காலம் தவிர மற்ற நாள்களில் இயல்பான நீரோட்டம் மிகவும் குறைவு. அதை நன்கு அறிந்த முன்னோர், ஆற்றின் குறுக்கே வரிசையாகச் சிறு அணைக்கட்டுகளை எழுப்பி, வாய்க்கால்கள் வழியே வெள்ளத்தைக் குளங்களுக்குத் திருப்பினர். இன்று கோவை நகரத்துக்குள் அகப்பட்டிருக்கும் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர்க் குளங்கள் அந்த வலைப்பின்னலின் எச்சங்கள். அவற்றால் வயலுக்கு நீர் கிடைத்தது ஒருபுறமிருக்க, கடினப்பாறை நிலமான கொங்கு நாட்டில் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறுவதற்கும் அவையே ஆதாரமாக இருந்தன. மழை தந்த அளவுக்குள் ஊற்றும், ஊற்றின் அளவுக்குள் இறைப்பும் இருந்த காலத்தில், டேலியின் முதல் விதி எவரும் எழுதி வைக்காமலே நடைமுறையில் இருந்தது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும்போது அதற்கு மேல் எடுக்கவும் முடியாது.

இந்த ஆற்றங்கரைக்குத் தொழில் புதிதன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு கல்மணிகள் பட்டை தீட்டப்பட்டதையும் இரும்பு உருக்கப்பட்டதையும் காட்டியுள்ளன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்பர். அந்தத் தொழில் விட்டுச்சென்ற கழிவு இரும்புக் கசடும் உடைந்த கல்துண்டுகளும்தான். இன்று திருப்பூரின் பின்னலாடைகளுக்கு நிறமேற்றும் சாயத்தொழில் விட்டுச்செல்வது தண்ணீரில் கரையும் பொருள். எல்லா வேறுபாடும் அந்தக் கரைதலில்தான் தொடங்குகிறது.

பருத்தி இழையைத் தண்ணீரில் நனைக்கும்போது அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் எதிர்மின் தன்மையுடன்தான் கரைகிறது. ஒத்த மின்தன்மை கொண்ட இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால், சாயம் இழையை நெருங்குவதில்லை. அந்த விலக்கத்தைத் தணிக்கவே உப்பு சேர்க்கப்படுகிறது: சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட். பிறகு சோடா சாம்பலைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டியதும் சாயம் இழையுடன் வேதிப்பிணைப்புக் கொள்கிறது. சாயத்தின் ஒரு பகுதியேனும் துணியில் தங்கிவிடும். உப்போ சிறிதும் தங்காது. வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் நீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு, ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறத்தாழ அரை கிலோவுக்கும் குறையாத உப்பு செலவாகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-சர்ட் 100 கிராம் உப்பை எங்கோ விட்டுவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. அலசல்களுக்கான தண்ணீர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

1980களிலும் 1990களிலும் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யலையும் அதன் ஓடைகளையும் ஒட்டியே எழுந்தன. ஆறு பல நிறங்களில் ஓடியதால் எல்லோருடைய கண்ணும் நிறத்தின் மீதே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் நீதிமன்ற நெருக்குதலால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. அவை சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் கலந்து நிறத்தைப் படியவைத்தன. நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவைச் சிதைத்தன. வெளியே வந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் உப்பை எந்த நுண்ணுயிரும் உண்பதில்லை, சுண்ணாம்பு அதைப் படியவைப்பதும் இல்லை. சேர்த்த வேதிப்பொருள்களால் நீரில் கரைந்த திடப்பொருளின் அளவு சற்றே கூடவும் செய்தது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பை அந்நீர் பல மடங்கு தாண்டியே ஓடியது. எந்தப் பொருளைச் செரிக்கும் திறன் என்று கேட்காமல் பொதுவாக 'சுத்திகரிப்பு' என்று சொன்னதன் விளைவு இது. உப்பைப் பொறுத்தவரை ஆற்றுக்கு உள்ள ஒரே திறன் நீர்த்துப்போகச் செய்வது. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டமே இல்லாத ஆற்றுக்கு அந்தத் திறனும் கிடையாது.

அந்த உப்பு தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. திருப்பூருக்குக் கீழே, வெள்ளநீரைத் தேக்கித் திருப்பூர், கரூர் மாவட்டப் பகுதிகளின் நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுநீர்த் தொட்டியாகிவிட்டது. அணையைச் சுற்றிலும் கிணறுகள் உப்புக் கரித்தன, ஆடு மாடுகளுக்குக் காட்டவும் அந்நீர் உதவவில்லை. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. பாசன அணை ஒன்றுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

மண்ணில் நடந்தது கண்ணுக்கு அவ்வளவு எளிதில் தெரியாத மாற்றம். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கால்சியம். சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாயும்போது கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது; துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைக்கின்றன; மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்தோடுகிறது. வேர்களும் உப்புநீரை உறிஞ்ச முடியாமல், ஈரம் இருக்கும்போதே வாடுகின்றன. தென்னை சிலகாலம் தாக்குப்பிடிக்கும், மஞ்சளும் நெல்லும் பிடிக்காது. ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி மண்ணை ஓரளவு மீட்கலாம் என்று வேளாண் நூல்கள் சொல்கின்றன. நல்ல நீர் இருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

நொய்யல் ஆறு ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீர் வெளியேற்றத்தைப் படிப்படியாக நிறுத்தக் காலக்கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா என அபராதம் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு விவசாயிகள் பக்கமே அமைந்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடே இதற்கும் அடிப்படை. ஆணைகள் முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. பின்னர் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. ஒரு சொட்டும் வெளியேற்றாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையை நிறைவேற்றிய நிலையங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் இயங்கத் தொடங்கின.

திருப்பூர் சாதித்தது சிறிய காரியமன்று. சிறு, நடுத்தரப் பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து, இத்தனை பெரிய அளவில் கழிவுநீரை முழுவதும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஊர்கள் உலகில் அரிது. ஆயினும் 'ஜீரோ' என்ற எண் எந்த வாயிலில் அளக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஆற்றை நோக்கிய குழாயின் வாயில் அளக்கப்படும் எண். பொருள் அழிவதில்லையாகையால், அந்த வாயிலை அடைத்ததும் உப்பு வேறொரு வாயிலைத் தேடுகிறது.

அது செல்லும் வழி இதுதான். நிறமும் கரிமக் கழிவும் நீக்கிய நீரை நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுகள் வழியே அழுத்தத்துடன் செலுத்தினால், பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்குத் திரும்புகிறது. எஞ்சுவது அடர்ந்த உப்புநீர். சோடியம் குளோரைடை விட்டுச் சோடியம் சல்பேட்டுக்கு மாறிய பட்டறைகள் அந்த உப்புநீரின் ஒரு பகுதியையே நேரடியாக அடுத்த சாயத் தொட்டிக்குப் பயன்படுத்திக்கொள்வது இத்தொழிலில் நிகழ்ந்த மிக அறிவார்ந்த மாற்றங்களில் ஒன்று. மறுபயன்பாட்டுக்கு உதவாததை எவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். கொதிநிலையில் உள்ள ஆயிரம் லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்கச் சுமார் 630 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். நீராவியை அடுத்தடுத்த கலன்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் செலவைப் பல மடங்கு குறைக்கிறார்கள் என்றாலும், ஆர்.ஓ.வுடன் ஒப்பிட இது பெருஞ்செலவே. அந்த நீராவிக்குக் கொதிகலன்களில் எரிவது பெரும்பாலும் விறகு. ஆற்றைக் காப்பாற்றும் கணக்கு இவ்விடத்தில் கார்லோவிட்ஸின் காட்டுக்கே திரும்பிவிடுகிறது: அந்த விறகு எந்தக் காட்டிலிருந்து, எந்த வேகத்தில் வருகிறது?

எல்லாம் முடிந்தபின் கடைசியில் எஞ்சுவது கலப்பு உப்பு. குளோரைடும் சல்பேட்டும் நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான உப்புகளும் சிறிது சாய எச்சமும் கலந்து, அழுக்கு நிறத்தில் மூட்டை மூட்டையாகச் சேரும் அதை விற்க முடியாது. பிரித்தெடுக்கும் செலவு புது உப்பின் விலையைவிட அதிகம். மற்றக் கழிவைப் போல் மண்ணில் புதைக்கவும் முடியாது; ஒரு மழை உள்ளே இறங்கினால் கரைந்து நிலத்தடி நீரில் கலந்துவிடும். ஆகவே அது கொட்டகைகளில் அடுக்கி வைக்கப்படுகிறது. டேலியின் மூன்றாம் விதிப்படி, சூழல் செரிக்காத பொருளுக்கு அனுமதிக்கத்தக்க வேகம் பூஜ்யம். கொட்டகையில் அடுக்குவது அந்த விதியை நிறைவேற்றுவதாகாது. அதை நிறைவேற்றும் நாளைத் தள்ளிப்போடுவதே ஆகும்.

எல்லை எங்கே வரையப்படுகிறது என்ற கேள்வி இத்தோடு முடிவதில்லை. திருப்பூரின் நிலத்தடி நீர் பயன்படாமல் போனபின், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் காவிரியிலிருந்து குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் 2005-06 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. மேட்டூருக்குக் கீழே பாசனத்தை நம்பியிருக்கும் ஒருவருடைய கணக்கில் அது எடுப்பு. திருப்பூர்க் கணக்கில் வரவு. 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது பனியன் நிறுவனங்கள் துணியை வேறு மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றின; ஈரோடு, நாமக்கல், சேலம் பகுதிகளில் காவிரிக் கரையோரம் அனுமதியற்ற பட்டறைகள் முளைத்ததாகவும் அதிகாரிகள் அவற்றை இடித்ததாகவும் அக்காலத்தில் அடிக்கடிச் செய்தி வந்தது. நொய்யலை மட்டும் பார்த்தால் அந்த மாதங்களில் நிலைத்தன்மை கூடியதாகவே தோன்றும். காவிரியையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

பொருளியலாளர்களிடையே இங்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இயற்கை வளம் குறைந்தாலும் அதன் வருவாய் இயந்திரமாகவும் கல்வியாகவும் பணமாகவும் சேர்ந்து மொத்தச் செல்வம் குறையாமல் இருந்தால் போதும் என்பது ஒரு தரப்பு; இதை மெலிந்த நிலைத்தன்மை என்பர். நல்ல நீருக்கும் உயிருள்ள மண்ணுக்கும் பணம் மாற்றாகாது, ஆகவே அவை தனியாகக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. திருப்பூருக்கு முதல் கணக்கைப் போட்டால் விடை பிரகாசமாக இருக்கும். ஏற்றுமதி வருமானம் ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி. மாநிலத்துக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வந்த இலட்சக்கணக்கானோருக்கு வேலை. ஆனால் வேலூர்த் தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் நொய்யல் விவசாயிகள் 28,000க்கும் மேற்பட்டோருக்கு நிர்ணயித்த இழப்பீடு மொத்தம் ஏறத்தாழ 25 கோடி ரூபாய். சராசரியாகத் தலைக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவு. மொத்தச் செல்வம் பெருகியது என்னும் வாதத்தை அந்த விவசாயிகளிடம் எடுத்துச்செல்ல எனக்குத் துணிவில்லை. ஒருவருடைய கிணறு இன்னொருவருடைய இலாபமாக மாறுவதை, ஒரே மனிதர் தம் நிலத்தை விற்று வீடு கட்டிக்கொள்வதோடு சமப்படுத்த முடியாது.

மேலும், சட்டம் இன்று அளப்பது இனி வெளியேறும் கழிவை மட்டுமே. கால் நூற்றாண்டாக அணையின் வண்டலிலும் பாறைப் பிளவுகளின் நீரிலும் சேர்ந்துவிட்ட உப்புக்கு எந்த வாயிலிலும் அளவீடு இல்லை. அதை வெளியேற்றக்கூடியது நல்ல மழையும், அம்மழை மண்ணுக்குள் இறங்க வழிவிடும் குளங்களும், ஆற்றில் வரும் வெள்ளமுமே. கோவை நகரின் சாக்கடை நீரைச் சுமந்தே கீழிறங்கும் ஆற்றிடம் அதையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

உப்பைப் பின்னால் துரத்துவதைவிட முதலிலேயே தவிர்ப்பது மேல் என்பதில் தொழில்நுட்ப வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் சந்தையில் உள்ளன. பருத்தி இழைக்கு முன்னதாகவே நேர்மின் தன்மை ஏற்றிவிட்டால் சாயம் உப்பின் துணையின்றித் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த முறையும் அறியப்பட்டதே. ஆனால் அதற்கான வேதிப்பொருளின் செலவு கூடுதல், அதில் இழையோடு சேராத பங்கு கழிவுநீருக்கே வரும், நிறமும் சில வேளைகளில் சீராக ஏறாது. சாயமேற்றுவது பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நடக்கும் ஜாப் ஒர்க். சுத்திகரிப்புச் செலவு அந்தக் கூலிக்குள்ளேயே அடங்க வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் அதை இத்தகைய கட்டுப்பாடு இல்லாத ஊர்களின் கூலியோடுதான் ஒப்பிடுகிறார். நிறம் திட்டுத்திட்டாக வந்து திருப்பி அனுப்பப்படும் ஒரு லாட்டை மறுபடி சாயத்தில் போட்டால் தண்ணீர், நீராவி, கூலி மூன்றும் இரண்டாம் முறை செலவாகும். அந்த நட்டத்தை வாங்குநரோ ஏற்றுமதியாளரோ பகிர்ந்துகொள்ளாத வரை, பட்டறைக்காரர் தமக்குப் பழகிய உப்பு முறையிலேயே நிற்பார்.